பூட்டுத்திரை விழும்போது

2021 ஜனவரியில், லினக்ஸ் மின்ட் இயக்குதளத்தின் வழுப்பட்டியலில் பெற்றோர் ஒருவரின் புகார் பதிவானது. பூட்டியிருந்த கணினியை ‘ஹேக்’ செய்யப்போவதாகச் சொல்லிப் பிள்ளைகள் விளையாடினார்களாம். விசைப்பலகையில் கைக்கு வந்ததைத் தட்டி, பூட்டுத்திரையில் தெரிந்த மெய்நிகர் விசைப்பலகையிலும் மவுஸால் கண்டபடி சொடுக்கியிருக்கிறார்கள். சட்டென்று பூட்டுத்திரை மறைந்து, உள்ளே திறந்து வைத்திருந்த வேலையெல்லாம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. ஏதோ தற்செயல் என்று நினைத்தவருக்கு இரண்டாம் முறையும் அதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

மின்ட் குழுவின் தலைவர் கிளெமெண்ட் லெஃபேவ்ர் துருவிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மெய்நிகர் விசைப்பலகையில், தலைமேல் சிறு கோடு கொண்ட ஒரு லத்தீன் உயிரெழுத்தை அழுத்தினால் போதும். அந்த விசைப்பலகையை வரைந்து கொடுக்கும் ‘கரிபூ’ என்ற நிரல்நூலகம் செயலிழக்கும். விழும்போது பூட்டுநிரலையும் இழுத்துக்கொண்டு விழும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திரையையும் விசைப்பலகையையும் கையாளும் எக்ஸ் சர்வரில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2020-ன் கடைசி மாதங்களில் வந்த திருத்தம்தான், கரிபூவில் அதுவரை தூங்கிக் கிடந்த பிழையை எழுப்பிவிட்டது.

மின்ட் குழு விரைவிலேயே திருத்தம் வெளியிட்டது. செய்தியும் அதோடு ஓய்ந்தது. ஆனால் கரிபூவைத் திட்டுவதில் பயனில்லை. எந்த நிரலும் என்றைக்காவது செத்து விழத்தான் செய்யும். உலாவி செத்தால் திறந்திருந்த பக்கங்கள் போகும், கோப்புமேலாளி செத்தால் மறுபடி திறந்துகொள்வோம். பூட்டுநிரல் செத்தால் மட்டும் ஏன் பூட்டே திறந்துகொள்ள வேண்டும்? இருக்கையை விட்டு எழுந்துபோன ஒருவரின் லினக்ஸ் கணினியை அடுத்தவர் கையிலிருந்து காப்பது பற்றிப் பேச, இந்தக் கேள்வியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கதவில்லாத வாசல்

எம்.ஐ.டி.யில் 1984-ல் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு, 1987-ல் பதினோராம் பதிப்பை எட்டியது. எக்ஸ்11 என்ற பெயரில் இன்றும் பல லட்சம் மேசைகளில் ஓடுவது அதுதான். அதன் அடிப்படை நெறிமுறையில் ‘பூட்டப்பட்ட அமர்வு’ என்றொரு நிலையே கிடையாது. பூட்டுநிரலும் அதன் கண்ணுக்கு, கடிகாரம் காட்டும் நிரலைப் போல, கால்குலேட்டரைப் போல, இன்னுமொரு சாதாரண நிரல். திரை முழுவதையும் மறைக்கிற ஒரு சாளரத்தை அது எல்லாவற்றுக்கும் மேலே விரிக்கிறது. விசைப்பலகையில் தட்டுவதும் மவுஸில் நகர்த்துவதும் தனக்கு மட்டுமே வரவேண்டும் என்று சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ‘கிராப்’ என்பார்கள் இதை. கடவுச்சொல் சரியாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு வெளியேறுகிறது.

சர்வருக்குத் தெரிவது அந்தக் கடைசிப் படி மட்டும்தான். ஒரு நிரல் இணைப்பைத் துண்டித்தால் அதன் சாளரத்தை அழித்துவிட வேண்டும், அது பிடித்து வைத்திருந்ததை விடுவித்துவிட வேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்ததால் போனதா, பிழையால் செத்துப் போனதா என்று அது கேட்பதில்லை. வாசலில் கதவு இல்லை. ஒரு காவலாள் நின்று மறிக்கிறான். அவன் மரியாதையாக வழிவிட்டாலும் மயங்கி விழுந்தாலும் வாசல் ஒரே மாதிரிதான் திறந்து கிடக்கும்.

இந்த அமைப்பில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விசைப்பலகையின் பிடியை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் வைத்திருக்க முடியும். வலது சொடுக்கில் விரியும் பட்டியல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் எழுந்து போகிறார் என்று வையுங்கள். பட்டியல் திறந்திருக்கும்வரை பிடி அதனிடம். குறித்த நேரம் கழித்துப் பூட்டுநிரல் எழுந்து பிடியைக் கேட்கும், கிடைக்காது, பூட்டாமலே திரும்பிப் போய்விடும். பட்டியலை மூடாமல் தேநீர் குடிக்கப் போனவரின் கணினி மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். விசைப்பலகையைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் மெய்நிகர்க் கணினிச் சாளரங்களும் இதையே செய்யக்கூடியவை. எக்ஸ்11-ன் விதிப்படி எல்லாம் சரியாக நடந்ததன் விளைவு இது. அதனால் இதை வழு என்று சொல்லித் திருத்தவும் வழியில்லை.

காவலாளைச் சர்வரே தள்ளிவிட்ட கதையும் உண்டு. 2012 ஜனவரியில், எக்ஸ்.ஆர்க் சர்வரின் 1.11-ஆம் பதிப்பு ஓடிய கணினிகளில், கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எண்பகுதியிலுள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் பூட்டு காணாமல் போவது தெரியவந்தது. கடவுச்சொல் வேண்டாம், தனிக் கருவி வேண்டாம், மூன்று விசைகள் போதும். நிரல் எழுதுபவர்களுக்கு உதவியாக வைத்த வசதி அது. எழுதிக்கொண்டிருக்கும் நிரல் பிடியை விடாமல் உறைந்துபோனால் திரையே கைவிட்டுப் போகும். அப்போது பிடியை வலுக்கட்டாயமாக அவிழ்க்க ஒரு விசைக்கூட்டு. பூட்டுநிரலும் அதே பிடியைத்தான் நம்பியிருக்கிறது என்பது அதை வழக்கமான அமைப்பில் சேர்த்தவர்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஜினோம் மேசைத்தளத்தின் முறை. அதன் 3.14-ஆம் பதிப்பில் பூட்டுத்திரைக்கு மேலேயே பிரின்ட் ஸ்கிரீன் விசை வேலை செய்தது. விடாமல் அழுத்தினால் படங்கள் குவியும், நினைவகம் நிரம்பும், இயக்குதளத்தின் மையமான கெர்னல் தன் கடைசி ஆயுதத்தை எடுக்கும். நினைவகம் தீர்ந்துபோனால் அதிகம் தின்னும் நிரலைக் கொல்வது கெர்னலின் வழக்கம். இங்கே அதிகம் தின்றது பூட்டுத்திரையைத் தாங்கியிருந்த ஜினோம் ஷெல்லே. அது செத்து மறுபடி எழுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில், உள்ளே திறந்திருந்த சாளரத்தில் கட்டளை தட்டிவிடலாம். 3.14.1-ல் சரிசெய்தார்கள்.

ஜேமி ஜாவின்ஸ்கியின் பிடிவாதம்

இந்தத் துறையில் தவிர்க்க முடியாத பெயர் ஜேமி ஜாவின்ஸ்கி. நெட்ஸ்கேப் உலாவியின் தொடக்கக் குழுவில் இருந்தவர். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற நிரலை 1992-லிருந்து எழுதிப் பராமரித்து வருபவர். 2004-ல் ஒரு விளக்கம் எழுதினார். கடவுச்சொல் கேட்கும் பெட்டியை ஏன் இவ்வளவு அசிங்கமாக வைத்திருக்கிறீர்கள், மற்ற சாளரங்களைப் போல அழகாக்கக் கூடாதா என்று கேட்டவர்களுக்கான பதில். அழகான பொத்தான்களைத் தரும் நிரல்நூலகங்கள் ஒவ்வொன்றும் பல லட்சம் வரிகள் கொண்டவை. அவற்றில் எங்காவது ஒரு பிழை பூட்டுநிரலைக் கொன்றால் திரை திறந்துவிடும். ஆகவே பூட்டுநிரலுக்குள் அவை எதையும் சேர்க்க மாட்டேன் என்பது அவர் வாதம். மேசைத்தளக் குழுக்கள் அவரைக் கேட்கவில்லை; சொந்தமாக அழகான பூட்டுநிரல்களை எழுதிக்கொண்டன. 2021-ல் மின்ட் செய்தி வந்தபோது ‘அப்போதே சொன்னேனே’ என்ற தொனியில் அவர் எழுதியதில் குரூரமான திருப்தி தெரிந்தது. குறை சொல்ல முடியாது, சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. அதே ஆண்டு வந்த ஆறாம் பதிப்பில் தன் நிரலையும் துண்டு துண்டாகப் பிரித்தார். பிடியை வைத்திருக்கும் சிறிய மையநிரல் தனி, படம் வரைவது தனி, கடவுச்சொல் கேட்பது தனி. கடவுச்சொல் பெட்டி செத்தாலும் மையநிரல் நிற்கும்.

அவர் சொல்வதில் முக்கால் பங்கை ஏற்கிறேன், முழுவதையும் இல்லை. பூட்டுத்திரையில் மெய்நிகர் விசைப்பலகை வந்து உட்கார்ந்தது அலங்காரத்துக்காக அல்ல. விசைப்பலகையைக் கையால் இயக்க முடியாதவர் கடவுச்சொல்லை எப்படித் தருவார்? தொடுதிரை மட்டுமே உள்ள கணினியில்? தமிழில் தட்டச்சு செய்கிற எவருக்கும் இதன் சிறிய வடிவம் தெரிந்திருக்கும். தமிழ்99 தளவமைப்பில் எழுதிக்கொண்டே திரையைப் பூட்டிவிட்டுப் போவோம், திரும்பி வந்து ஆங்கில எழுத்துகளாலான கடவுச்சொல்லைத் தட்டுவோம், கணினி ஏற்காது. மறைப்புப் புள்ளிகள்தான் தெரிகின்றன, எந்த மொழியில் விழுகிறது என்று தெரிவதில்லை. தளவமைப்பைக் காட்டும், மாற்றும் ஒரு சிறு பொத்தான் பூட்டுத்திரையில் இருந்தே ஆகவேண்டும். ஆங்கிலம் மட்டுமே தட்டுகிறவருக்கு இது ஆடம்பரமாகத் தோன்றலாம். அப்படி ஒவ்வொரு நியாயமான தேவையும் பூட்டுநிரலுக்குள் இன்னும் கொஞ்சம் நிரல்வரிகளைக் கொண்டுவரும், ஒவ்வொரு வரியும் சாவுக்கு ஒரு வாய்ப்பு. வசதிகளை வெட்டித் தள்ளி இதைத் தீர்க்க முடியாது. பூட்டுநிரல் செத்தாலும் பூட்டு சாகாதபடி அடித்தளத்தை மாற்றியாக வேண்டும்.

செத்தாலும் திறக்காத திரை

கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-ல் தொடங்கிய வேலண்ட், எக்ஸுக்கு மாற்றாக வந்தது. ஒரு நிரல் இன்னொன்றின் விசைத்தட்டலை ஒட்டுக்கேட்பதை அது தடுத்தது. திறந்த பட்டியல் பூட்டைத் தடுக்கும் பழைய சங்கடமும் போயிற்று; உள்ளீடு யாருக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்வது சாளரங்களை ஒருங்கிணைக்கும் கம்போசிட்டர் மட்டுமே. ஆனால் வேலண்ட் வந்ததாலேயே பூட்டு உறுதியாகிவிடவில்லை, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்வே என்ற கம்போசிட்டரோடு பயன்படுத்தும் ஸ்வேலாக் நிரலின் 1.6-க்கு முந்தைய பதிப்புகளைச் செயலிழக்கச் செய்து உள்ளே நுழைய முடியும் என்று 2022-ல் பதிவானது. சாளரத்தை எல்லாவற்றுக்கும் மேலே விரிப்பது, உள்ளீட்டைத் தடுத்து வைப்பது என்ற அதே பழைய முறையை வேலண்டின் உதிரிபாகங்களால் மறுபடி கட்டியிருந்தார்கள். அதனால் பழைய நோயும் கூடவே வந்தது.

அந்தக் காலகட்டத்தில்தான் அமர்வைப் பூட்டுவதற்கென்றே ஒரு நெறிமுறை வேலண்டின் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது. பூட்டுநிரல் கம்போசிட்டரிடம் ‘அமர்வைப் பூட்டு’ என்று கேட்கிறது. கம்போசிட்டர் ஒப்புக்கொண்ட கணத்திலிருந்து பூட்டு கம்போசிட்டருடையது. பூட்டுநிரல் ‘கடவுச்சொல் சரி, திறக்கலாம்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே திறக்கும். சொல்லாமல் செத்தால் திரை மூடியே இருக்க வேண்டும், உள்ளிருப்பதில் ஒரு புள்ளிகூடத் தெரியக்கூடாது என்று நெறிமுறையே விதிக்கிறது. ஸ்வேயில் இப்படி நடந்தால் திரை முழுவதும் சிவப்பாகிவிடும். அழகில்லைதான். ஆனால் எக்ஸ்11 எழுதப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வெற்றி, தோல்வி இரண்டையும் பிரித்தறியும் பூட்டு அப்போதுதான் பொது நெறிமுறையிலேயே கிடைத்தது.

கேடிஇ மேசைத்தளம் இதே எண்ணத்துக்குத் தன் வழியில் வந்து சேர்ந்தது. பூட்டுத்திரையில் நாம் காணும் படமும் பெட்டியும் ஒரு தனி நிரல். அது செத்தால் பின்னாலிருக்கும் அமர்வுமேலாளி அதை மறுபடி எழுப்பும். எழுப்பவே முடியாவிட்டால், பூட்டு உடைந்துவிட்டது, வேறு முனையத்தில் உள்நுழைந்து இந்தக் கட்டளையைத் தட்டித் திறந்துகொள்ளுங்கள் என்று வெறும் எழுத்தில் அறிவிக்கும். அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு எரிச்சல்பட்டு இணையத்தில் திட்டியவர்கள் நிறைய. அவர்கள் பார்த்தது, பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்த காட்சி.

பக்கவாசல்கள்

முன்வாசலை இவ்வளவு நேரம் பார்த்தோம்; பூட்டுத்திரையைச் சுற்றிப்போகும் வழிகளும் உண்டு. லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 என்று தட்டினால் எழுத்துமுனையம் ஒன்று திறக்கும். அங்கும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் என்பதால் அதுவே ஆபத்தில்லை. என்றோ அங்கே ரூட்டாக உள்நுழைந்து வேலை பார்த்துவிட்டு வெளியேற மறந்தவருக்குத்தான் ஆபத்து. அழகான பூட்டுத்திரை ஒரு பக்கம் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்க, மூன்று விசை தள்ளி நிர்வாகியின் முனையம் திறந்து கிடக்கும். எழுத்துமுனையத்தில் உள்நுழைந்து ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டி மேசைத்தளத்தைத் தொடங்கும் பழக்கம் இன்னும் சிலருக்கு உண்டு. எக்ஸ் சர்வர் எப்படியாவது செத்தால் அவர்கள் விழுவது, ஏற்கெனவே உள்நுழைந்த அந்த முனையத்தின் கட்டளை ஷெல்லின் மடியில். கட்டளைக்கு முன்னால் ‘எக்ஸெக்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், ஷெல்லின் இடத்தில் ஸ்டார்ட்எக்ஸ் உட்காரும். சர்வர் செத்தால் கூடவே அமர்வும் முடியும். இங்கும் அதே கேள்விதான்: நிரல் செத்தால் பூட்டு என்ன ஆகும்?

சிஸ்ரிக்யூ விசை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெர்னலோடு நேரடியாகப் பேசும் விசை அது. கணினி உறைந்துபோனால் வட்டை ஒழுங்காக மூடி மறுதொடக்கம் செய்ய நிர்வாகிகள் நம்பியிருப்பது. ஆனால் ஆல்ட், சிஸ்ரிக்யூ, எஃப் என்று தட்டினால், நினைவகம் தீராவிட்டாலும் தீர்ந்ததாக எண்ணிக் கெர்னல் ஒரு நிரலைக் கொல்லும். முதலில் உலாவி சாகும். திரும்பத் திரும்பத் தட்டினால் பூட்டுநிரலின் முறையும் வரலாம். எஸ்லாக் என்ற மிகச் சிறிய பூட்டுநிரல், தன்னைக் கொல்லாதே என்று தொடக்கத்திலேயே கெர்னலிடம் சொல்லி வைத்துவிடுவது இதற்காகத்தான். எந்தெந்தச் செயல்களை அனுமதிப்பது என்று கெர்னலில் ஓர் எண் இருக்கிறது. நிரல்களைக் கொல்லும் உரிமைக்கு அதில் 64 என்ற பங்கு. உபுண்டு வைத்திருக்கும் 176-லும் டெபியனின் 438-லும் அந்த 64 சேரவில்லை. ஏதோ வழிகாட்டியைப் படித்து எல்லாவற்றையும் திறந்துவிட 1 என்று மாற்றி வைத்தவர்கள் திரும்பிப் போய் ஒருமுறை பார்ப்பது நல்லது.

யுஎஸ்பி துளை இன்னும் விரிவான கதை. 2011-ல் ஐபிஎம்மின் ஜான் லாரிமர் ஒரு மாநாட்டில் பென்டிரைவைப் பூட்டிய லினக்ஸ் கணினியில் செருகித் திரையைத் திறந்து காட்டினார். திரை பூட்டியிருந்தாலும் பின்னால் அமர்வு விழித்தே இருந்தது. பென்டிரைவைத் தானாகத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகளுக்குச் சிறுபடம் வரையத் தொடங்கியது. சிறுபடம் வரையும் நிரலில் ஒரு பிழை. கோப்பு அதற்கேற்பத் தயாரிக்கப்பட்டது. அந்தக் கோப்பே பூட்டுநிரலைக் கொன்றது. செயல்விளக்கத்துக்காக அவர் சில பாதுகாப்புகளை அணைத்து வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் படிப்பினை நின்றது. ஜினோம் இப்போது பூட்டியிருக்கும்போது பென்டிரைவைத் தானாகத் திறப்பதில்லை. சிறுபடங்களைத் தனிக் கூண்டுக்குள் அடைத்து வரைகிறது.

கோப்புகளைத் தாண்டிச் சாதனமே பொய் சொல்லலாம். 2014-ல் கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் காட்டிய ‘பேட்யுஎஸ்பி’யில், பென்டிரைவ் தன்னை விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனத்தையும் அனுமதிக்கவும் மறுக்கவும் 2007-லிருந்தே வசதி உண்டு. அதை மனிதர் கையாளும் வடிவுக்குக் கொண்டுவந்தது யுஎஸ்பிகார்டு என்ற நிரல். திரை பூட்டியிருக்கும்போது புதிதாகச் செருகும் எதையும் மறுப்பதுபோல ஜினோமோடு அதை இணைக்கலாம். வங்கிக் கிளை, பொதுச் சேவை மையம் போல மேசைக்கு இந்தப் பக்கம் அந்நியர் நடமாடும் இடங்களில் இதை வைக்காமலிருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஒரேயொரு தொல்லை: விசைப்பலகை பழுதாகிப் புதியதைச் செருகும் நாளில் அதையும் மறுத்துவிடலாம்.

நினைவகத்தில் கிடக்கும் சாவி

இதுவரை சொன்னதெல்லாம் ஐந்து நிமிடம் கிடைத்த சக ஊழியரையும் விளையாட்டுப் பிள்ளைகளையும் தடுக்கும். கணினியையே தூக்கிக்கொண்டு போகிறவருக்குப் பூட்டுத்திரை ஒரு பொருட்டல்ல. மறுதொடக்கம் செய்தால் பூட்டுத்திரை போயிற்று. கிரப் தொடக்கநிரலின் பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் கடவுச்சொல் கேட்காமலே ரூட் ஷெல் கிடைக்கும். கிரப்புக்கும் கடவுச்சொல் வைக்கலாம். ஆனால் 2015 டிசம்பரில் வலென்சியா பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எக்டர் மார்க்கோவும் இஸ்மாயேல் ரிப்போலும், பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினால் கிரப்பின் மீட்பு ஷெல் திறந்துகொள்வதைக் கண்டுபிடித்தார்கள். இல்லாத எழுத்துகளை அழித்துக்கொண்டே போன நிரல், தன் எல்லையைத் தாண்டிப் பின்னால் போய் நினைவகத்தில் எழுதியது. 2009-லிருந்து அந்தப் பிழை அங்கேயே கிடந்தது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் இந்த வித்தைகூட வேண்டாம்.

ஆகவே வட்டுக் குறியாக்கம். கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் 2004-ல் வகுத்த லுக்ஸ் முறை இன்று பெரும்பாலான லினக்ஸ் நிறுவிகளில் ஒரு டிக் தூரத்தில் இருக்கிறது. அணைத்த கணினிக்கு அது அரண். பூட்டிய கணினியின் கதை வேறு. அமர்வு ஓடிக்கொண்டிருக்கும் வரை வட்டைத் திறக்கும் சாவி நினைவகத்தில் கிடக்கும். திரையைப் பூட்டினாலும் கிடக்கும், மடிக்கணினியை மூடித் தூங்க வைத்தாலும் கிடக்கும்.

நினைவகத்துக்குப் போகும் வழிகள் பல. 2004-ல் மாக்ஸிமில்லியன் டோர்ன்ஸைஃப், லினக்ஸ் ஏற்றிய ஐபாடை ஃபயர்வயர் துளையில் செருகி எதிரிலுள்ள கணினியின் நினைவகத்தைப் படித்தும் எழுதியும் காட்டினார். செயலியைக் கேட்காமலே நினைவகத்தைத் தொடும் உரிமை அந்தத் துளைக்கு இருந்தது, வேகத்துக்காகக் கொடுத்தது. உல்ஃப் ஃபிரிஸ்க் 2016-ல் வெளியிட்ட பிசிஐலீச் அதையே பிசிஐ அட்டைகள் வழியாகச் செய்தது. ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பியர்ன் ரௌட்டன்பெர்க் 2020-ல் தண்டர்போல்ட் துளை வழியாகக் காட்டிய தண்டர்ஸ்பை தாக்குதலுக்கு ஒரு திருப்புளியும் சில கருவிகளும் ஐந்து நிமிடமும் போதும். இவற்றுக்கு எதிரான கேடயம், வெளிச்சாதனம் தொடக்கூடிய நினைவகப் பகுதியை வரையறுக்கும் ஐஓஎம்எம்யு. தண்டர்போல்ட் துளைகளுக்கு அதைக் கட்டாயமாக்கும் வசதி 2019-ல் லினக்ஸ் 5.0-ல் வந்தது. கணினியின் ஃபர்ம்வேர் ஒத்துழைத்தால்தான் அதுவும்.

இன்னொரு வழிக்குத் துளையே வேண்டாம். மின்சாரம் போனதும் நினைவகம் அழிந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பிரின்ஸ்டனைச் சேர்ந்த அலெக்ஸ் ஹால்டர்மன் குழுவினர் 2008-ல் அது உடனே அழிவதில்லை என்று அளந்து காட்டினார்கள். தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து நினைவகச் சில்லுகளை −50 டிகிரிக்குக் குளிரவைத்தால், மின்சாரம் இன்றிப் பத்து நிமிடம் கழித்தும் கெட்டுப்போனவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. திரவ நைட்ரஜனில் ஒரு மணி நேரம் தாங்கின. சில்லுகளைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிச் சாவியைத் தேடி எடுத்தார்கள். அவர்கள் உடைத்த பட்டியலில் லினக்ஸின் வட்டுக் குறியாக்கமான டிஎம்-கிரிப்டும் இருந்தது. இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பது இந்த வேலையைக் கடினமாக்குகிறது. பாதுகாப்பை எண்ணி அல்ல, தடிமனையும் மின்செலவையும் எண்ணிச் செய்தது அது. கிடைத்தவரை லாபம்.

சாவியை நினைவகத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன? எடுக்கலாம், ஆனால் வட்டை உறையவைத்த பிறகு அந்த வட்டிலுள்ள எந்த நிரலையும் ஏற்ற முடியாது, கடவுச்சொல் கேட்கும் நிரல் உட்பட. டெபியனின் 11-ஆம் பதிப்பில் வந்த கிரிப்ட்செட்டப்-சஸ்பெண்ட் பொதி, தேவையான நிரல்களை முன்கூட்டியே நினைவகத்தில் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு, சாவியை அழித்துவிட்டுத் தூங்குகிறது. லென்னார்ட் பொட்டரிங் 2020-ல் சிஸ்டம்டி 245-ல் சேர்த்த ஹோம்டி வேறு வழி: முழு வட்டை விட்டுவிட்டு, பயனரின் சொந்தக் கோப்பகத்தை மட்டும் தனியாகக் குறியாக்கம் செய்து, தூங்கும்போது அதன் சாவியை மட்டும் அழிப்பது. அதற்குப் பூட்டுத்திரை பயனரின் கோப்பகத்துக்கு வெளியே ஓட வேண்டும். மேசைத்தளங்கள் அப்படிக் கட்டப்படவில்லை என்பதால் யோசனை நன்றாக இருந்தும் பரவவில்லை.

இதையெல்லாம் செய்பவர் யார், இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று கேட்கலாம். 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் சில்க் ரோடு கள்ளச்சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்டைக் கைதுசெய்ய வந்தவர்கள் சாவியைத் தேடவே இல்லை. ஓர் ஆணும் பெண்ணும் அவர் முதுகுக்குப் பின்னால் சண்டை போடுவதுபோல நடித்தார்கள்; அவர் திரும்பிப் பார்த்த நொடியில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியைத் திறந்தபடியே இழுத்துக்கொண்டார்கள். மூட விட்டிருந்தால் குறியாக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அரசின் முழுப் பலத்தோடு வந்தவர்களே பூட்டை உடைப்பதைவிடப் பூட்டும் முன் பிடுங்குவதைத்தான் தேர்ந்தார்கள். பூட்டுக்கான நேரத்தைக் கால் மணியென்று வைத்துவிட்டு, எழும்போது சூப்பர் விசையும் எல்லும் தட்டாமல் போகிறவர்கள் மேலே சொன்ன எந்த ஆராய்ச்சியைப் பற்றியும் கவலைப்படத் தேவையில்லை. கணினியைப் பயனரின் உடலோடு கட்டிய யுஎஸ்பி கம்பி இழுபட்டுக் கழன்றால் திரையைப் பூட்டும் பஸ்கில் போன்ற கருவிகள் பிறந்தது இப்படி மடியிலிருந்து பிடுங்குகிறவர்களை எண்ணித்தான்.

இரவு முழுவதும் கணினியை ஓரிடத்தில் விட்டுப்போக வேண்டியவருக்கு ஒரு நல்ல நடுவழி இருந்தது. ஹைபர்நேட் செய்தால் நினைவகம் முழுவதும் குறியாக்கம் செய்த வட்டில் எழுதப்பட்டு மின்சாரம் அணையும். சாவி நினைவகத்தில் இருக்காது, திறந்த சாளரங்களும் போகாது. ஆனால் நம் கணினியின் தொடக்கநிரலை யாரும் மாற்றிவைக்காமலிருக்க செக்யூர் பூட்டையும் இயக்கி வைத்திருப்போம். 2019-ல் லினக்ஸ் 5.4-ல் வந்த லாக்டவுன் என்ற கெர்னல் பாதுகாப்பு முறை, செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் ஹைபர்நேட்டை மறுக்கிறது. வட்டிலிருந்து திரும்ப ஏற்றும் அந்த நினைவகப் படிமத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று கெர்னலால் சரிபார்க்க முடியாததுதான் காரணம். ஃபெடோரா, உபுண்டு, டெபியன் மூன்றிலும் இதுவே நிலை. படிமத்துக்குக் கையொப்பமிட்டுச் சரிபார்க்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன. அதுவரை இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது வேலையைச் சேமித்துவிட்டு அணைத்துவிட்டுப் போக வேண்டும்.